கோபம் யாருக்குச் சொந்தம்?

மாரிஸ் சென்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) படக்கதையைக் குழந்தைகளுக்கு வாசிக்கும்போதெல்லாம் நான் அதிலுள்ள அம்மாவைத் தேடுகிறேன். அட்டகாசம் செய்யும் மேக்ஸை அவள் சாப்பாடு தராமல் படுக்கைக்கு அனுப்புகிறாள். அவன் பூதங்களிடம் போய், அவற்றுக்கு ராஜாவாகி, வீடு திரும்புகிறான். அறையில் சூடு ஆறாத சாப்பாடு இருக்கிறது. அதை வைத்தவளின் முகம் ஒரு பக்கத்திலும் இல்லை.

அவரே 1981இல் வெளியிட்ட 'அவுட்சைட் ஓவர் தேர்' கதையில் வருபவள் ஐடா என்ற சிறுமி. அப்பா கடலில் இருக்கிறார். அம்மா தோட்டத்தில் ஏக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். கைக்குழந்தையான தங்கையைக் குட்டிச்சாத்தான்கள் தூக்கிப் போக, ஐடா போராடி மீட்கிறாள். அவளுக்கும் கோபம் வருகிறது, அதுவும் தங்கைக்காக. திரும்பி வந்தவளுக்குக் கிடைப்பது, தங்கையையும் அம்மாவையும் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அப்பாவின் கடிதம்.

இந்தப் புத்தகங்களை ஒதுக்கச் சொல்லமாட்டேன். ஐடாவின் சுமை பொய்யல்ல. தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்து வளர்ந்த பெண்களுக்கு அது தெரியும். இரண்டையும் சேர்த்தே வாசிப்போம். சாப்பாடு வைத்தது யார், ஐடா தனக்காக எப்போது கோபப்படுவாள் என்று பிள்ளைகளிடம் கேட்போம். கோபப்பட்டாலும் தனக்குச் சோறு உண்டு என்பதைப் பெண் குழந்தையும் நம்பி வளர வேண்டும்.