கடைவாசலும் அச்சுப்படியும்

அமெரிக்கக் கறுப்பினச் சட்டப் பேராசிரியை பற்றீஷியா ஜே. வில்லியம்ஸ் எழுதிய 'தி அல்கெமி ஒஃப் ரேஸ் அன்ட் ரைட்ஸ்' என்ற நூல் 1991இல் ஹாவர்ட் பல்கலைக்கழகப் பதிப்பக வெளியீடாக வந்தது. 'இனத்தினதும் உரிமைகளினதும் இரசவாதம்' என்று தலைப்பைத் தமிழிற் சொல்லலாம். சட்டம் பயில்வோருக்கான நூலாகவே அது பெரிதும் அறியப்பட்டிருக்கிறது. ஆயினும் அதிலுள்ள ஓர் அத்தியாயம் கதை, கவிதை எழுதுவோரும், அவற்றைத் திருத்தி அச்சேற்றும் சிற்றிதழ்காரரும் அவசியம் வாசிக்க வேண்டியது என்பது என் அபிப்பிராயம். கடையொன்றினுள் அனுமதிக்கப்படாமல் நின்றதைப் பற்றிய அத்தியாயம் அது. அதை எழுதியபோது அந்த எழுத்துக்கு நேர்ந்ததையும் அதே அத்தியாயம் சொல்கிறது.

சம்பவம் மிகச் சிறியது. 1980களின் நடுப்பகுதியில் நியூயோர்க் நகரத்தின் நாகரிக உடுப்புக் கடைகள் பல, பட்டப்பகலிலும் கதவைப் பூட்டி வைத்து வெளியே ஒரு மணியைப் பொருத்தத் தொடங்கியிருந்தன. வருபவர் மணியை அழுத்த வேண்டும். உள்ளே நிற்பவர் கண்ணாடியூடாக முகத்தைப் பார்ப்பார். முகம் பிடித்தால் பொத்தானை அழுத்திப் பூட்டைத் திறப்பார். பிடிக்காவிட்டால் கதவு அப்படியே கிடக்கும். கொள்ளைக்குப் பயந்து செய்த ஏற்பாடு என்று நியாயம் சொன்னார்கள். சோஹோ பகுதியிலிருந்த பெனற்றன் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தன் தாய்க்குப் பொருத்தமான சுவெற்றர் ஒன்றைக் கண்ட வில்லியம்ஸ் மணியை அழுத்துகிறார். பபிள்கம் மென்றுகொண்டு நின்ற வெள்ளைக்காரப் பையன் ஒருவன் சில விநாடிகள் அவரை அளவெடுத்துவிட்டு, கடை மூடியாயிற்று என்று உதட்டை அசைக்கிறான். நத்தாருக்கு முந்திய இரண்டாவது சனிக்கிழமை, பிற்பகல் ஒரு மணி. உள்ளே வெள்ளையர்கள் சாமான் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். அடியில்லை, ஏச்சில்லை, நிறத்தைக் குறிக்கும் ஒரு சொல்கூட இல்லை. பல நிறத்துப் பிள்ளைகளை ஒன்றாக நிறுத்திப் படமெடுத்து விளம்பரம் செய்து பேர் வாங்கிய கொம்பனி அது என்பதை நினைத்தால் சிரிப்பும் வரும். எழுத்தாளருக்கு இப்படியான சம்பவம் பெரும் சோதனை. பையனுக்குக் களைப்பாக இருந்திருக்கலாம், இடைவேளை நேரமாக இருந்திருக்கலாம் என்று வாசகர் சொல்லிவிடக் கூடும். வாசலில் நின்றவரின் முகம் பழுப்பு என்ற ஒரு விபரம் மட்டுமே மற்ற எல்லா விபரங்களையும் ஒன்றோடொன்று கோக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் நேரம், நத்தார், உள்ளே நின்ற வெள்ளையர், பபிள்கம் எல்லாம் தனித்தனியே உதிர்ந்து போகும்.

வில்லியம்ஸ் முதலில் இதைத் தன் நாட்குறிப்பில் எழுதினார். அந்தக் கணத்தில் கண்ணாடிகளை உடைத்துத் தாய்க்கு அள்ளிக்கொண்டு போக வேண்டும்போல் இருந்தது என்று ஒளிக்காமல் எழுதினார். பிறகு அதையே பெரிய சுவரொட்டியாக்கி, கடை உண்மையாகவே மூடியிருந்த வேளையில் அதன் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்தார். மூன்றாவதாக, பல்கலைக்கழகச் சட்டச் சஞ்சிகை ஒன்றுக்குக் கட்டுரையாக அனுப்பினார். ஒதுக்கப்பட்ட குரல்கள் பற்றிய சிறப்புத் தொகுப்பு அது.

அந்தக் கட்டுரை மூன்று தடவை திருத்தப்பட்டது. முதற் திருத்தத்தில் கோபம் போயிற்று. மூச்சுவிடாமல் ஓடிய நீண்ட வாக்கியங்கள் சின்னஞ்சிறு வாக்கியங்களாக நறுக்கப்பட்டன. செய்வினையெல்லாம் செயப்பாட்டு வினையாயிற்று. இரண்டாவது திருத்தத்தில் கடையின் பெயர் போயிற்று. மானநஷ்ட வழக்கு வருமென்று பயந்தார்கள். நிரூபிக்க முடியாத சம்பவங்களைப் பிரசுரிப்பது தங்கள் வழக்கமில்லை என்றும் சொன்னார்கள். கடைசியாக அச்சுப்படி வந்தபோது எழுதியவரின் நிறமும் போயிருந்தது. ஆட்களின் தோற்றத்தை வர்ணிப்பது சஞ்சிகையின் கொள்கைக்கு முரணாம். அவர் தொலைபேசியில் சண்டை பிடித்தபோது, அந்த வர்ணனை கவித்துவமாகத்தான் இருக்கிறது, ஆனால் விடயத்துக்கு அவசியமில்லை, இது வெறும் நடை பற்றிய பிரச்சினை என்று ஓர் ஆசிரியர் பொறுமையோடு விளக்கியிருக்கிறார். வாசலில் நின்றவர் எப்படியிருந்திருப்பார் என்பது வாசகருக்குத் தானாகவே விளங்கும் என்பது இன்னொருவரின் சமாதானம். விடாமல் வாதாடி நிறத்தை மீட்டுக்கொண்டார் வில்லியம்ஸ்.

இவர்கள் எவரும் இனவாதிகள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒதுக்கப்பட்டோருக்குப் பக்கங்களைத் திறந்து விட்டவர்கள்தாம். நடுநிலையான நடை என்று ஒன்றிருப்பதாகவும், அதற்குள் வராதவை எழுத்தாளரின் தனிப்பட்ட உணர்ச்சிகள் என்றும் அவர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள். கத்தரிக்கோல் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த அத்தியாயத்தைப் போலத் துல்லியமாகக் காட்டிய வேறொரு எழுத்தை நான் வாசித்ததில்லை.

செயப்பாட்டு வினை பற்றிச் சற்று நின்று சொல்லத் தோன்றுகிறது. 'அவன் என்னை உள்ளே விடவில்லை' என்பதில் அவனும் இருக்கிறான், நானும் இருக்கிறேன். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்பதில் இருவரும் இல்லை. அனுமதி மட்டும் தனியே நிற்கிறது. நமது நாளிதழ்த் தமிழ் இந்த வித்தையில் நன்றாகவே கைதேர்ந்தது. கடைகள் 'தீக்கிரையாகின', 'பதற்றநிலை தோன்றியது', 'விசாரணைகள் முடுக்கிவிடப்பட்டுள்ளன'. கொளுத்தியவன் அந்த வாக்கியங்களுக்குள் காலடி வைப்பதேயில்லை. வில்லியம்ஸின் கட்டுரையைத் திருத்திய மாணவ ஆசிரியர்களுக்கு இலக்கணம் அரசியலாகத் தெரிந்திராது. நமக்கு அது தெரியாதென்று சொல்ல முடியாது.

நூல் முழுவதும் இதே தரத்தில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். துருவக் கரடிகள் வந்துபோகும் பகுதிகளில் உருவகம் பாரமாகிவிடுகிறது. இதே அத்தியாயத்திலும், சம்பவத்தைச் சொல்லி முடித்தபின் கோட்பாட்டுச் சொற்களால் அதைச் சுற்றி வளைக்கும் இடங்கள் சம்பவத்தைவிட மெலிந்தவை.

பிற்காலத்தில் இதே வாசல் உலகச் செய்தியானது. 2013 ஓகஸ்டில் ஒப்ரா வின்ஃப்ரே தொலைக்காட்சியில் ஒரு கதை சொன்னார். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரத்து ஆடம்பரக் கடையொன்றில், 35,000 பிராங் பெறுமதியான முதலைத் தோல் கைப்பையைக் காட்டும்படி கேட்டபோது, அது உங்களுக்கு விலை கூடியது என்ற பாங்கில் விற்பனைப் பெண் வேறு பைகளைக் காட்டினாளாம். கடையின் பெயரை ஒப்ரா சொல்லவில்லை. ஊடகங்கள் தேடிப் பிடித்தன. கடைச் சொந்தக்காரர் அதை விளங்காமையால் வந்த பிரச்சினை என்றார். விற்பனைப் பெண், அப்படித் தான் சொல்லவேயில்லை என்று பத்திரிகைக்குச் சொன்னார். சுவிஸ் சுற்றுலாத்துறை மன்னிப்புக் கேட்டது. விடயம் இத்தனை பெரிதானதற்கு இறுதியில் ஒப்ராவே வருத்தம் தெரிவிக்கும்படியாயிற்று.

ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டால் ஒப்ராவின் கதை வில்லியம்ஸின் கதையைவிடப் பலவீனமானது. உண்மை பொய் பற்றிய பேச்சில்லை இது. அந்தக் கதையை நடத்திச் செல்வது பையின் விலை. உலகப் பணக்காரர்களில் ஒருவருக்கே இந்த நிலையா என்ற வியப்பை நம்பி அது நிற்கிறது. அந்த வியப்பினால்தான் ஊரெல்லாம் பரவியது. அதே வியப்பு கதையைக் கவிழ்த்தும் விட்டது: இவ்வளவு விலையில் பை வாங்குபவருக்கு என்ன துயரம் என்று கேட்பது சுலபமாயிற்று. தாய்க்கு ஒரு சுவெற்றர் என்பதில் அந்தச் சிக்கல் இல்லை. 1990இல் வந்த 'பிரிற்றி வுமன்' படத்தில் ஜூலியா றொபேட்ஸ் ஆடம்பரக் கடையில் அவமானப்பட்டு, மறுநாள் கைநிறையப் பைகளோடு வந்து விற்பனைப் பெண்களின் மூக்கை உடைக்கும் காட்சியை நம்மவர்களும் ரசித்திருக்கிறார்கள். அந்தக் காட்சியில் பணம் பூட்டைத் திறக்கிறது, ஏனென்றால் அங்கே பூட்டு வர்க்கத்துக்கு மட்டும் போட்டது. உடுப்பை மாற்றிக்கொண்டு மறுநாள் வரலாம். முகத்தை மாற்றிக்கொண்டு வர முடியாது.

நியூயோர்க்கின் பார்னீஸ் கடையில் நடந்தவை இதைத் தெளிவாக்குகின்றன. 2013 ஏப்ரலில் 19 வயதுக் கறுப்பின மாணவன் ஒருவன் சுமார் 350 டொலருக்கு பெரகாமோ இடுப்புப்பட்டி ஒன்றைத் தன் வங்கி அட்டையால் வாங்கினான். வெளியே வந்து சிறிது தூரம் போகுமுன் சிவிலுடைப் பொலிஸார் மறித்தார்கள். இவ்வளவு விலையில் வாங்க உனக்கு எப்படி முடிந்தது என்பது கேள்வி. பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்துவிட்டுப் பிறகு விட்டார்கள். அந்த ஆண்டு பெப்ரவரியில் அதே கடையில் 2,500 டொலருக்குக் கைப்பை வாங்கிய 21 வயதுக் கறுப்பினப் பெண்ணுக்கும் இதே அனுபவம். இருவரும் சட்ட நடவடிக்கையில் இறங்கிய செய்தி அந்த ஒக்டோபரில் வெளியானபோது, பொலிஸாரின் 'ஸ்டொப் அன்ட் ஃபிறிஸ்க்' நடைமுறையை நினைவூட்டி 'ஷொப் அன்ட் ஃபிறிஸ்க்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. மாநிலச் சட்டமா அதிபரின் விசாரணைக்குப் பின் 2014 ஓகஸ்டில் பார்னீஸ் 525,000 டொலரும், மேசிஸ் 650,000 டொலரும் செலுத்த இணங்கின. பார்னீஸ் பின்னர் வங்குரோத்தாகி 2020இல் தன் கடைகளை மூடிவிட்டது.

அந்த மாணவன் இடுப்புப்பட்டியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். நான் வாசித்த செய்திகளில் மனதில் நின்றது இந்த ஒரு வரிதான். அதன் மேல் ஒரு நல்ல சிறுகதை எழுதலாம்.

வில்லியம்ஸுக்கு அவரது ஆசிரியர்கள் சொன்னதைச் சட்டமும் வேறு விதத்தில் சொல்கிறது. அமெரிக்காவின் 1964 சிவில் உரிமைச் சட்டம் ஹோட்டல், உணவகம், திரையரங்கு, பெற்றோல் நிலையம் ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடுக்கிறது. சாதாரண சில்லறைக் கடை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கடையில் அவமதிக்கப்பட்டவர்கள் அதைவிடப் பழைய சட்டமொன்றிடம் போக வேண்டியிருக்கிறது: அடிமை முறை ஒழிந்தபின், வெள்ளையர்போல் ஒப்பந்தம் செய்யும் உரிமையைச் சகலருக்கும் வழங்கிய 1866ஆம் ஆண்டுச் சட்டம். பொருள் வாங்குவது ஓர் ஒப்பந்தம். வில்லியம்ஸின் பாட்டியின் பாட்டியை ஒரு வெள்ளைச் சட்டத்தரணி விலைக்கு வாங்கியிருந்தார் என்று இந்நூலின் வேறோர் இடத்தில் வருகிறது. விலைக்கு வாங்கப்பட்டவரின் வழிவந்தவர் விலை கொடுத்து வாங்க வந்து வாசலில் நிற்கிறார் என்று சேர்த்து வாசித்தால் அந்தச் சுவெற்றரின் கனம் விளங்கும்.

ஆனால் ஒப்பந்தம் என்ற சொல்லுக்கு ஒரு விலையுண்டு. கடையில் பின்தொடர்ந்தார்கள், முறைத்தார்கள் என்பது பல நீதிமன்றங்களுக்குப் போதாது. வாங்க விடாமல் தடுத்தார்கள் என்று காட்ட வேண்டும். கன்சாஸ் மாநிலத்தில் டிலார்ட்ஸ் கடைக்கு உறவினரான இரு கறுப்பினப் பெண்கள் போனார்கள். காவலர் இருவரையும் திருட்டுச் சந்தேகத்தில் மறித்தார். ஒருவர் உடுப்பு வாங்கி, இலவச வாசனைத் திரவியத்துக்கான கூப்பனையும் கையில் வைத்திருந்தார். அவருக்கு ஜூரிகள் பத்து இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்த தீர்ப்பை 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. மற்றவர் அன்று எதையும் வாங்கியிருக்கவில்லை. அதே காவலர், அதே சந்தேகம். அவரது கோரிக்கை தள்ளுபடியாயிற்று. அவமானம் நடந்ததா இல்லையா என்பதை ஒரு கூப்பன் தீர்மானித்தது.

2020 மார்ச்சில் கொம்காஸ்ட் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. நிறம் காரணங்களில் ஒன்று என்று காட்டினால் போதாது. நிறம் இல்லாவிட்டால் இது நடந்தேயிராது என்று காட்ட வேண்டும். சட்டச் சஞ்சிகைக்குத் தேவையற்ற அலங்காரமாகத் தெரிந்த அதே விபரத்தைத்தான் நீதிமன்றம் முன்வைக்கச் சொல்கிறது.

இந்த அத்தியாயத்தை யாராவது தமிழாக்கினால் முதற் சிக்கல் 'இனம்' என்ற சொல்லிலேயே வரும். நம் வழக்கில் அது வேறு கணக்குகளுக்காகத் தேய்ந்துபோன சொல். அடுத்த சிக்கல் கண்ணாடியில் பதிந்த அந்த முகம். 'பழுப்பு' என்றால் தமிழில் இலையும் பழைய கடதாசியும் நினைவுக்கு வரும். 'மாநிறம்' என்றால் கல்யாண விளம்பரம். எழுதியவர் கறுப்பினத்தவர் என்று முன்னுரையிலேயே சொல்லியாயிற்று, வாசகருக்கு விளங்கும், ஆகவே இங்கே விட்டுவிடலாம் என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தோன்றும். அச்சுப்படி பார்ப்பவருக்கும் தோன்றும்.