எழுச்சி: சில குறிப்புகள்

நில எடுப்புக்கு எதிராக எங்கள் பக்கத்தில் நடந்த கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தோம். கடைசி வரிசையில் சின்ன நோட்டோடு உட்கார்ந்திருந்த உளவுப்பிரிவுக்காரர் வந்து, 'எப்படித் தோழர், கூட்டம் சூடா இருந்துச்சா?' என்றார். (அவர்களும் 'தோழர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.) 'நல்ல எழுச்சிங்க' என்றேன். எழுதிக்கொண்டார். மறுநாள் இயக்க இதழுக்கு நான் அனுப்பிய செய்தியிலும் அதே சொல். அரசுக்கும் எங்களுக்கும் ஒரே சொல் எப்படிப் போதுமானதாயிற்று? இந்த உறுத்தலோடுதான் 'மாஸ் அப்சர்வேஷன்' பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

1937இல் இங்கிலாந்தில் டாம் ஹாரிசன், கவிஞர் சார்லஸ் மேட்ஜ், ஆவணப்படக்காரர் ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் மூவரும் தொடங்கியது அது. ஹாரிசன் அதற்கு முன் நியூ ஹெப்ரிடிஸ் தீவுகளில், அதாவது இன்றைய வனுவாட்டுவில், இருந்தவர். 'பழங்குடி'களைப் பார்க்கவென்று உருவான கண்ணைத் தம் தெருவின்மீதே திருப்பிக்கொண்டார்கள் என்பது லேசான காரியமல்ல. போல்டன் நகரத்து மதுக்கடைகளில் பக்கத்து மேஜைப் பேச்சை எழுதினார்கள். ஒரு கிளாஸ் பீர் குடித்து முடிக்க எவ்வளவு நேரமாகிறது என்றுகூடக் கணக்கெடுத்தார்கள். 1937 மே 12, ஆறாம் ஜார்ஜ் முடிசூடிய நாள். நாடே ஒரே மனதாய் மகிழ்ந்தது என்ற அதிகாரச் சொல்லாடலுக்குள் அடங்காத சலிப்பும் நையாண்டியும் தொண்டர்களின் அன்றைய குறிப்புகளில் இருக்கின்றன.

1940இல் போர். தகவல் அமைச்சகத்தின் உள்நாட்டுப் புலனறிவுப் பிரிவு மே 18 முதல் மக்களின் மனஉறுதி பற்றித் தினசரி அறிக்கை தயாரித்தது. மாஸ் அப்சர்வேஷன் அதற்குத் தகவல் தந்தது. வீடு வீடாகக் கேள்வி கேட்கப்போன அமைச்சக ஆட்களை, அமைச்சர் டஃப் கூப்பரின் பெயரால் 'கூப்பரின் ஒற்றர்கள்' என்று பத்திரிகைகள் கேலி செய்தன. விலைபோனார்கள் என்று நான் தீர்ப்பெழுதவில்லை. எதிரே நின்றது பாசிசம். ஆனால் ஒன்று நடந்துவிடுகிறது. நாட்குறிப்பில் கோபத்துக்கு ஒரு ஆள் இருக்கிறாள், ஒரு காரணம் இருக்கிறது. 'மனஉறுதி' என்ற அளவுகோலில் இரண்டுமே உதிர்ந்துபோகின்றன. அவள் ஏன் கோபப்படுகிறாள் என்பதல்ல, நாளைக்கும் தாங்குவாளா என்பதே நிர்வாகத்தின் கேள்வி.

அளப்பவன் அடுத்துத் திருகவும் செய்வான். 2012 ஜனவரியில் ஒரு வாரம் 6,89,003 பேரின் பார்வைக்கு வரும் பதிவுகளைக் கூட்டிக்குறைத்து, அவர்கள் எழுதும் நல்ல சொல், கெட்ட சொல்லை எண்ணிப் பார்த்தது ஃபேஸ்புக். 2014இல் ஆய்வுக் கட்டுரையாக அது வெளிவந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

நான் எங்கள் கூட்டத்துக்கே திரும்புகிறேன். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா கடைசிவரை கையே தூக்கவில்லை. கேட்டேன். 'பட்டா கொழுந்தன் பேர்ல கெடக்கு. நெலம் போனாலும் நின்னாலும் எனக்கென்ன சாமி?' என்றார். அது அவர் நோட்டிலும் இல்லை, என் செய்தியிலும் இல்லை. அடுத்த இதழுக்கு அதை மட்டும் எழுதி அனுப்பினேன். 'கூட்டத்தின் உணர்வைப் பிரதிபலிக்கவில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.