நினைவின் அடிக்குறிப்பு: தேன்மொழி தாஸ் கவிதைகளும் ஏலமலை நிலமும்

முன்னுரை

தன்வரலாறு என்றதும் உரைநடையே நினைவுக்கு வருகிறது. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' அதற்குப் பெருஞ்சான்று. ஆயினும் தன்வாழ்வைச் செய்யுளில் எழுதும் முயற்சியும் தமிழில் உண்டு. 1910இல் வெளிவந்த பாரதியின் 'கனவு', பிள்ளைப் பருவக் காதல், ஆங்கிலக் கல்வி, மணம், தந்தையின் வறுமையும் மறைவும் என வாழ்வை வரிசைப்படுத்திக் கூறுகிறது. அங்கே காலமே நூலை நடத்திச் செல்கிறது. இன்றைய தன்னுணர்ச்சிக் கவிதைகளிலோ பெரும்பாலும் இவ்வரிசை இல்லை. ஆண்டும் பெயரும் இல்லை. அவற்றை வாழ்க்கை நினைவாகப் படிப்பதற்கு எது இடமளிக்கிறது? கவிஞர் தேன்மொழி தாஸின் தொகுப்புகளை முன்வைத்து இக்கட்டுரை இவ்வினாவை ஆராய்கிறது.

பெயர் சுட்டாமையும் அடிக்குறிப்பும்

அன்பின் ஐந்திணையில் ஒருவரது இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. புறப்பாடல்களிலும் பெயர் எப்போதும் பாடலுக்குள் இருப்பதில்லை. பாரி மகளிர் பாடியதாக வரும் புறநானூற்று 112ஆம் பாடல் இதற்குத் தக்க சான்று. முன்பொரு நிலவு நாளில் தந்தையும் குன்றும் தம்முடையனவாக இருந்தமையும், இந்நிலவு நாளில் இரண்டும் இல்லாமையும் அதில் கூறப்படுகின்றன. பாரி என்ற பெயரோ பறம்பு என்ற பெயரோ பாடலடிகளில் இல்லை. அவற்றைத் தருவது பாடலைத் தொடரும் மரபுக் குறிப்பே. பொதுவான இழப்புத் துயரை இன்னார் வாழ்வின் நினைவாக மாற்றுவது அந்த அடிக்குறிப்பு.

இன்றைய கவிதைக்கு அத்தகைய குறிப்பு இல்லாதபோது வாசகரே ஒன்றை எழுதிக்கொள்கிறார். பெண் கவிஞர் 'நான்' என்று எழுதினால், அது அவரது அந்தரங்க வாக்குமூலம் என்ற குறிப்பு எளிதில் சேர்க்கப்படுகிறது. குட்டி ரேவதியின் 'முலைகள்' (2002) தொகுப்பை ஒட்டி எழுந்த எதிர்ப்பில், கவிதை பற்றிய விவாதம் கவிஞரின் ஒழுக்கம் பற்றிய விசாரணையாக மாறியதைத் தமிழுலகம் கண்டது. ஆகவே எந்த அடிக்குறிப்பை இட்டுப் படிக்கிறோம் என்பது வெறும் முறையியல் வினா அன்று. அதற்கு விலை கொடுப்பவர் கவிஞர்.

ஏலக்காட்டின் நிழல்

தேன்மொழி தாஸின் 'இசையில்லாத இலையில்லை' (2001), 'அநாதி காலம்' (2003), 'ஒளியறியாக் காட்டுக்குள்' (2007) ஆகிய தொகுப்புகளின் தலைப்புகளே இலை, காலம், காடு என விரிகின்றன. மூன்றாவது தலைப்பைச் சமவெளி வாசகர் மனஇருளின் குறியீடாகக் கொள்ளக்கூடும். ஏலமலையை அறிந்தவருக்கு அது முதலில் ஒரு நிலக்காட்சி. ஏலச்செடி பெருமரங்களின் நிழலில் வளர்வது. நேர்வெயில் அதற்கு ஆகாது. அதன் பூங்கொத்து செடியின் அடியிலிருந்து கிளைத்துத் தரையோடு படர்வதால், காய் பறிப்பவர் குனிந்தோ அமர்ந்தோதான் வேலை செய்ய இயலும். அங்கே ஒளியின்மை வாழ்வாதாரத்தின் நிபந்தனை. இவ்வறிவோடு படிக்கும்போது குறியீடு அழிவதில்லை. அது ஒரு வாழ்விடத்தில் வேர்கொள்கிறது. துயரமும் வளர்ச்சியும் ஒரே நிழலில் நிகழ்பவை என்னும் பொருள் அப்போதுதான் கிடைக்கிறது.

இந்நிலத்தின் பிற பதிவுகள் வேறு வகையின. போடிநாயக்கனூரில் நடைபெறும் ஏலக்காய் ஏலத்தில் காயின் எடையும் தரமும் விலையும் பதிவாகின்றன. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, விடியலில் ஜீப்பில் இடுக்கித் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களின் நினைவு அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. அந்நினைவைக் கவிதையும் முழுமையாகத் தந்துவிடாது. கூலி எவ்வளவு, ஆண்டு எது என்பதற்குக் கவிதை சான்றாகாது. ஆனால் அந்நிழலுக்குள் வாழ்வது எத்தகையது என்பதை அது உணர்த்தவல்லது.

நிலம் என்னும் அடிக்குறிப்புக்கும் எல்லை உண்டு. கவிஞரை வட்டாரத்துக்குள் அடைப்பது, அவரை அந்தரங்கத்துக்குள் அடைப்பதைப் போன்றதே. 'அநாதி காலம்' என்ற தலைப்பும், பின்வந்த 'நிராசைகளின் ஆதித்தாய்' என்ற தலைப்பும் தொடக்கம் அறியாத காலத்தையும் முதல் தாயையும் நாடுகின்றன. பாரதியின் 'கனவு' ஒரு வாழ்வைப் பருவம் பருவமாக நடத்துகிறது. இவையோ ஒருவரது பிறப்புக்கு முன்னரே தொடங்கிவிட்ட நினைவைக் கோருகின்றன. அந்த 'நான்' ஒரு பெண்ணைக் குறிக்கும் அளவுக்கு அவளுக்கு முன் அக்காட்டில் வாழ்ந்தவர்களையும் குறிக்கவல்லது.

முடிவுரை

கவிதைவழித் தன்வரலாறு, நடந்தவற்றின் பட்டியல் அன்று. பாரி மகளிர் பாடலில் நினைவைத் தாங்கி நிற்பவை குன்றும் நிலவும். தேன்மொழி தாஸிடம் இலையும் காடும். வாசகர் இட வேண்டிய அடிக்குறிப்பு கவிஞரின் அந்தரங்கத்தைத் துருவுவதாக இல்லாமல், அவர் நின்ற நிலத்தை அறிவதாக அமைய வேண்டும். அவ்வாறு படிக்கும்போது வாழ்வும் மறைக்கப்படுவதில்லை. வாழ்ந்தவரும் விசாரணைக்கு உள்ளாவதில்லை. பெயர் சுட்டாத அகமரபு அளித்த அந்தக் காப்பு, இன்றைய பெண் கவிதைக்கும் உரியது.