பாட்டு காத்திருக்குமா?

கூத்தையும் பாஸ்காவையும் கணினி விளையாட்டாக்கினால் என்ன என்று இளைஞர் கேட்கும் காலம் இது. கேள்வி நியாயமானதே. ஆனால் இசை நாடகத்தை விளையாட்டாக்கும் முயற்சி ஐரோப்பாவில் முன்பே நடந்து, பாதிக் கிணறு தாண்டிய கதையாக முடிந்தது. அதைச் சற்றே நோக்குவது நலம்.

ஜெர்மானிய இசைமேதை வாக்னரின் 'நீபெலுங்கின் மோதிரம்' நான்கு ஓப்பராக்களின் தொடர். 1876-இல் பேராய்த் நகரில் முதன்முதலாக முழுமையாக அரங்கேறியது. பாடி முடிக்க ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகும். இதன் முதல் இரண்டு பகுதிகளை ஆர்க்செல் டிரைப் நிறுவனம் 1998-இல் 'ரிங்' என்னும் விளையாட்டாக்கியது. ஆடுபவர் ஆல்பெரிக், லோகே, சீக்மண்ட், புருன்ஹில்ட் என நால்வராக மாறி மாறிக் கதைக்குள் நுழைகிறார். நல்ல எண்ணந்தான். ஆனால் உள்ளே சென்றவருக்குக் கிடைக்கும் வேலையோ, பெரும்பாலும் பொருள்களைத் தேடுவதும் புதிர்களை அவிழ்ப்பதுமே.

ஓப்பராவில் ஒரு கட்டம். போரில் மடியப்போகும் சீக்மண்டை வீரர்களின் விண்ணகத்துக்கு அழைக்க வருகிறாள் புருன்ஹில்ட். தன் அன்புக்குரிய சீக்லிண்ட் அங்கே வர இயலாது என்று கேட்டதும், அந்த விண்ணகமே வேண்டாம் என்கிறான் அவன். தெய்வமகளின் மனம் இளகுகிறது. தந்தையின் கட்டளையை மீறத் துணிகிறாள். அந்த இளக்கத்தை நமக்கு உணர்த்துவது மெல்ல மெல்ல ஏறும் இசை. இசைக்கென்று ஒரு காலம் உண்டு. புதிர் அவிழாமல் ஆடுபவர் அரைமணி திகைத்து நின்றால் பாட்டு காத்திருக்குமா? பின்னணி ஓசையாகச் சிறுத்துவிடுகிறது. இதுவே அவ்விளையாட்டின் அடிப்படைக் குறை என்பேன். படங்களின் அழகு அதை ஈடுசெய்யவில்லை.

இதற்கு விடை சித்தேரி மலை நிற்கும் நம் தருமபுரி மண்ணிலேயே கிடக்கிறது. பாரதக் கூத்தின் படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் பேருருவாக வனைந்து கிடத்துவர். அவன் விழுவான் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் விடிய விடியக் கூத்துப் பார்த்த கண்களோடு ஊரே அங்கே கூடி நிற்கிறது. முடிவை மாற்றவா? உடனிருக்கத்தான். நம் சிலுவைப்பாதையும் அப்படித்தானே! 14 நிலைகளில் எதையும் நாம் மாற்றுவதில்லை. முழந்தாளிட்டு, எழுந்து, நடக்கிறோம்.

பாஸ்காவை விளையாட்டாக்க விரும்புவோர், ஆடுபவருக்குச் சிரேன் ஊர்ச் சீமோனின் இடத்தைக் கொடுத்துப் பார்க்கட்டும். தெரிவு ஏதுமில்லை, தோளில் பாரம் உண்டு. பாட்டின் தாளத்துக்கு அடி வைத்தால்தான் நகர முடியும். ஓடினால் பாட்டு அறுபடும். வெற்றிப் புள்ளிகளை எங்கே வைப்பது என்ற சிக்கல் அப்போது எழும். வைக்காமலே விடலாம் என்பது என் எண்ணம். விளையாட்டை விற்பவர்கள் ஒப்புவார்களா என்பது வேறு செய்தி.