காவல் என்னும் சொல்

தமிழில் பாதுகாப்பதற்கும் அடைத்துவைப்பதற்கும் ஒரே சொல்தான்: காவல். வயலுக்கும் காவல், கைதிக்கும் காவல். நாட்டை ஆள்பவனும் காவலன். மணிமேகலையை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சொல்லில் நான் இடறுகிறேன்.

பத்தொன்பதாம் காதையில் மணிமேகலை, காயசண்டிகையின் உருவில் புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்துக்குள் நுழைந்து, அமுதசுரபியால் கைதிகளின் பசி தீர்க்கிறாள். அதிசயித்த சோழ மன்னன் என்ன வேண்டும் என்று கேட்கிறான். இந்தச் சிறையை அறக்கோட்டமாக்கு என்கிறாள். மன்னனும் இசைகிறான். ஒழுங்கின் அடையாளமான சிறையையே ஓர் இளம்பெண் கேட்டு மாற்றுகிறாள். மேடைகளில் நாம் பெருமையோடு எடுத்துச்சொல்வது இந்த இடத்தைத்தான்.

மூன்று காதைகள் தள்ளிப் படித்தால் பெருமை குறைகிறது. மணிமேகலையைத் துரத்திவந்த இளவரசன் உதயகுமாரனை, அவளைத் தன் மனைவி காயசண்டிகை என்றே நினைத்த காஞ்சனன் வெட்டிக் கொல்கிறான். முனிவர்கள் நடந்ததைச் சொல்ல, தவறு மகனுடையது என்று மன்னன் ஒப்புக்கொள்கிறான். தான் தந்திருக்க வேண்டிய தண்டனை அது என்கிறான். அரசனின் காவல் இல்லையென்றால் முனிவரின் நோன்பும் இல்லை, பெண்ணின் கற்பும் இல்லை என்று அறமும் பேசுகிறான். உடனே அவன் இடும் கட்டளை: மகனை ஈமத்தில் ஏற்றுங்கள், கணிகை மகளைக் காவலில் வையுங்கள். நீதிக்காக மகனையே தண்டித்த குலத்தில் இப்படியொருவன் பிறந்தான் என்ற செய்தி மற்ற வேந்தர் காதுக்குப் போவதற்குள் இதைச் செய்ய வேண்டுமாம். குற்றம் செய்தவன் இளவரசன், அடைபடுகிறவள் மணிமேகலை, காக்கப்படுவது குலத்தின் பெயர்.

அடுத்து வருகிறாள் அரசி இராசமாதேவி. மன்னனிடம் பேசி மணிமேகலையைச் சிறையிலிருந்து தன்னிடம் கொண்டுவருகிறாள். பிறகு பித்தேற்ற மருந்து கொடுக்கிறாள், ஓர் இளைஞனை ஏவுகிறாள், உணவின்றி அறையில் பூட்டுகிறாள். மன்னனின் காவலைவிட இந்தப் பெண்ணின் காவல் கொடியது. மகனை இழந்தவள் என்று அவளுக்காக முன்பெல்லாம் இரங்கிப் பேசுவேன். பெண்கள் விடுதியில் துணைக் காப்பாளராக இருந்த பிறகு, அவளை வேறு மாதிரி படிக்கத் தொடங்கினேன்.

விடுதிக் கதவை மாலை ஆறரைக்குப் பூட்டுவோம். ஆண்கள் விடுதிக்கு அப்படியொரு மணி இல்லை. நூலகம் எட்டு மணிவரை திறந்திருக்கிறதே, நாங்கள் மட்டும் ஏன் ஆறரைக்கு வர வேண்டும் என்று கேட்ட மாணவியிடம் நான் மன்னிப்புக் கடிதம் வாங்கினேன். "உன் பாதுகாப்புக்குத்தாம்மா" என்றேன். அந்தக் கடிதத்தில் காக்கப்பட்டது கல்லூரியின் பெயர்.

இதே கேள்வியைத்தான் 2015இல் தில்லி மாணவிகள் கேட்டார்கள். விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்த அந்த இயக்கத்தின் பெயர் 'பிஞ்ச்ரா தோட்', கூண்டை உடை என்று பொருள். அதில் முன்னின்ற நதாஷா நர்வாலும் தேவாங்கனா கலிதாவும், தில்லிக் கலவர வழக்கில் 2020 மே மாதம் கைதாகி, உபா சட்டத்தின்கீழ் ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்தார்கள். 2021 ஜூனில் பிணை வழங்கிய தில்லி உயர் நீதிமன்றம், போராடும் உரிமைக்கும் பயங்கரவாதத்துக்கும் இடையிலான கோட்டை அரசு மங்கலாக்குகிறது என்று கண்டித்தது. விடுதிக் கதவையும் சிறைக் கதவையும் பூட்டும்போது சொல்லப்படும் காரணம் ஒன்றே: ஒழுங்கு.

ஒழுங்கே வேண்டாம் என்று காப்பியம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருட்டிய சாலையில் விளக்கும் பேருந்தும் வேண்டும், புகாரை வாங்கும் நிலையம் வேண்டும். ஆனால் யாரைக் காக்க யாரை அடைக்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத ஒழுங்கு, குலப்பெயரின் காவல் மட்டுமே.

சாத்தனாரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவருடைய நாயகிக்கு உருமாறவும் வானில் பறக்கவும் பசி தாங்கவும் மந்திரங்கள் கிடைத்தன. அவற்றால்தான் அரசியிடமிருந்து தப்பினாள். என் மாணவிக்கு மந்திரம் ஏதும் இல்லை, ஒரு கேள்வி மட்டும் இருந்தது. அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.