இலவசம் என்று கூவி விற்பவர்கள்

கட்டற்ற இயங்குதளங்களைச் சாதாரண மக்களிடம் கொண்டுசெல்வதற்கு நம்மிடையே நடந்துவரும் பிரசாரம் இத்தனை ஆண்டுகளாகியும் ஏன் வேரூன்றவில்லை என்ற வினா இன்று புதிய அவசரத்தோடு எழுந்திருக்கிறது. 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ற் நிறுவனம் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, பாதுகாப்புச் சில்லு இல்லையென்றும் செயலி பழையதென்றும் காரணங்காட்டிப் பழைய கணினிகள் பலவற்றை ஏற்க மறுக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எந்திரம், எங்கோ எடுக்கப்பட்ட ஒரு தீர்மானத்தால் கிழடாகிவிடுகிறது. நீர்வேலி, கோப்பாய், புத்தூர் போன்ற கிராமங்களின் பள்ளிக்கூடங்களிலும், தட்டச்சும் போட்டோப் பிரதியும் செய்து கொடுக்கும் கொமினிகேசன் கடைகளிலும் இருப்பவை பெரும்பாலும் புத்தம் புதிய எந்திரங்களல்ல. ஆகவே, “லினக்ஸைப் போடுங்கள், அது இலவசம்” என்ற பழைய குரல் மீண்டும் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

இந்தக் குரலின் நோக்கத்தில் நமக்குக் கருத்து வேற்றுமை கிடையாது. அதன் பேச்சில்தான் கோளாறு இருக்கிறது.

முதலிற் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல். 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டோல்மன், தாம் பேசுவது விலையைப் பற்றியல்ல, விடுதலையைப் பற்றியே என்று அன்றிலிருந்து விளக்கி விளக்கியே களைக்க வேண்டியிருந்தது. தமிழுக்கு அந்த வறுமை இல்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்பது நமது பாமரனுக்கும் தெரியும். ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற தொடரை ஆக்கியவர்கள் இந்த வேறுபாட்டை உணர்ந்தே ஆக்கினார்கள். (‘கட்டற்ற’ என்பது நம் காதில் சிறிது அடங்காத்தனமாகவும் ஒலிக்கிறது, அது வேறு விஷயம்.) ஆனால் துண்டுப்பிரசுரம் எழுதவும் மேடையிற் பேசவும் வந்தபோது அவ்வருமையான சொல் பின்வாங்கிவிட்டது, ‘இலவசம்’ முன்னுக்கு வந்தது. நம் மொழியில் இல்லாத ஒரு குழப்பத்தை நாமே வலிந்து இறக்குமதி செய்தோம்!

அந்தச் சொல்லாவது சந்தையில் எடுபட்டதா? யாழ்ப்பாண நகரில் ஒருவர் கணினி வாங்குகிறார். கடைக்காரர் கேளாமலே அனுமதியற்ற விண்டோஸ் பிரதியொன்றை அதிற் போட்டுக் கொடுக்கிறார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதனைக் குற்றமென்கிறது என்பதை வாங்குபவரும் அறியார், விற்பவரும் கவலைப்படார். ஆக, அவரைப் பொறுத்தமட்டில் இரண்டும் இலவசமே. ஏற்கெனவே பழகிய இலவசத்தை விட்டுப் பழகாத இலவசத்தை அவர் ஏன் நாட வேண்டும்? 1998இல் பில் கேட்ஸ் சீனத்தைப் பற்றிப் பேசும்போது, அங்குள்ளோர் திருடத்தான் போகிறார்களென்றால் எம்முடையதைத் திருடட்டும், பழக்கம் முற்றிய பிறகு பணம் வசூலிக்கும் வழியைக் கண்டுபிடிப்போம் என்ற கருத்தை ஒளிவுமறைவின்றிக் கூறினார். திருட்டுப் பிரதி ஏகபோகத்துக்கு எதிரியல்ல, அதன் ஊதியம் பெறாத பிரசாரகன் என்ற உண்மையை நமது நண்பர்களைவிட அந்த முதலாளி தெளிவாக உணர்ந்திருந்தார்.

மேல்நாட்டில் நடந்த முயற்சிகளிலும் இதே குறையைக் காணலாம். தென்னாபிரிக்கச் செல்வந்தரான மார்க் ஷட்டில்வேர்த் 2004இல் உபுண்டுவைத் தொடங்கியபோது, அதன் வழுப்பட்டியலில் முதலாம் இலக்கத்தில், சந்தையின் பெரும்பங்கு மைக்ரோசொப்ற்றிடம் இருக்கிறது என்பதையே ஒரு வழுவாகப் பதிந்துவைத்தார். கேட்பவர் எவர்க்கும், உலகின் எம்மூலைக்கும், தபாற்செலவு கூட வாங்காமல் இறுவட்டுக்கள் அனுப்பப்பட்டன. 2011 வரை இது நடந்தது. 2013இல் அந்த முதலாம் வழு தீர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. தீர்த்தது எது? மேசைக் கணினியில் உபுண்டு பெற்ற வெற்றியா? இல்லை. மக்கள் கைத்தொலைபேசிக்குப் போய்விட்டார்கள். அங்கே லினக்ஸ் கருவின்மேல் எழுந்த அண்ட்ரொயிட் கூகிளின் கையில் இருந்தது. ஒரு ஏகபோகத்தின் இடத்துக்கு மற்றொன்று வந்ததைத் தீர்வு என்று குறித்துக்கொண்டார்கள். இறுவட்டு தனி மனிதன் வீட்டுக்கு வந்தது. கடைக்காரனிடமும் வாத்தியாரிடமும் அது போய்ச் சேரவில்லை.

இவ்விடத்தில் தமிழகத்தையும் கேரளத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பது பயனுடையது. 2011 செப்டெம்பரில் தமிழக அரசு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. மின்விசிறி, கிரைண்டர், மிக்சி ஆகியவற்றோடு ஒரே மூச்சில் அறிவிக்கப்பட்ட இலவசம் அது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் விண்டோஸும் அக்கணினிகளில் ஒருங்கே இருந்தன. இரண்டு கதவுகளையும் திறந்து வைத்தால் மாணவன் எதில் நுழைவான்? ஆசிரியருக்குத் தெரிந்தது எதுவோ, கடைத்தெருவிற் பேசப்படுவது எதுவோ, அதில் நுழைவான். பொருள் கொடுக்கப்பட்டது, அதைச் சூழ்ந்திருக்க வேண்டிய உறவுகள் கொடுக்கப்படவில்லை.

கேரளத்தில் முதலிற் பேசியவர்கள் ஆசிரியர்கள். அரசுப் பள்ளிப் பாடநூல் ஒரே கம்பெனியின் சரக்குகளை மட்டும் கற்பிப்பதா என்று 2000களின் தொடக்கத்தில் அங்குள்ள ஆசிரியர் சங்கம் போர்க்கொடி தூக்கியது. அதன்பின் பள்ளிகளுக்கான அரசுத் திட்டமே கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கிற் பயிற்றப்பட்டார்கள். பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் அதிலேயே நடந்தது. தேர்வு எதில் நடக்கிறதோ, அதைத்தான் தகப்பன் வீட்டுக் கணினியிலும் போடச் சொல்வான். இதைவிடச் சிறந்த விளம்பரத்தை எந்த வியாபாரி கண்டான்?

நமது பிரசுரங்களின் நடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல கட்டுரைகள் முதற்பக்கத்திலேயே கட்டளை வரிகளைத் தட்டச்சுச் செய்யச் சொல்கின்றன. செய்யத் தெரியாதவனைச் சற்று ஏளனமாகவும் பார்க்கின்றன. பண்டிதர் கூட்டம் ஒன்று ஒழிந்து மற்றொன்று வந்ததுபோல் இருக்கிறது! தமிழ் இடைமுகத்தின் கதையும் அத்தகையதே. நமது பாடநூல் ‘பணிசெயல் முறைமை’ என்கிறது. தமிழகத்தார் ‘இயங்குதளம்’, ‘இயக்க அமைப்பு’ என்கின்றனர். திரையில் வருவது பெரும்பாலும் தன்னலமற்ற தொண்டர் சிலர் இரவு கண்விழித்துப் பெயர்த்த தமிழகச் சொல். அத்தொண்டர்களை நாம் வணங்குகிறோம். ஆனால் நீர்வேலிப் பிள்ளை அத்திரையைக் கண்டதும் ஆங்கிலத்துக்கே மாற்றிவிட்டால் அது அப்பிள்ளையின் குற்றமாகாது.

இத்தனைக்கும், கட்டற்ற மென்பொருளின் உட்பொருளை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தானுக்குப் பாடமே தேவையில்லை. வாழைத் தோட்டத்துக்குத் துலா மிதித்து நீரிறைத்த இந்தச் செம்மண்ணில் 1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெய் இயந்திரம் பரவியது. அது இலவசமாக வரவில்லை; கடன்பட்டுத்தான் வாங்கினார்கள். ஆயினும் பரவியது. பழுதுபட்டால் சந்தியில் இருந்த மெக்கானிக் கழற்றிப் பூட்டித் தந்தார் என்பது அதற்கொரு முக்கிய காரணம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது சில துளி பெற்றோலில் இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் நம்மவரே. மூடியைத் திறக்கவும், உள்ளே பார்க்கவும், தேவைக்கேற்ப மாற்றவும், மாற்றியதை அயலானுக்குச் சொல்லிக் கொடுக்கவும் உரிமை இல்லாதிருந்தால் அந்த ஆண்டுகளைக் கடந்திருக்க இயலாது. ஸ்டோல்மன் கூறும் சுதந்திரங்களும் ஏறத்தாழ இவைதாமே. இந்த அநுபவத்தை நமது பிரசுரகர்த்தர்கள் ஒரு வரியிலேனும் தொட்டதாக நாம் காணவில்லை. ‘வைரஸ் வராது’, ‘விண்டோஸ் போலவே இருக்கும்’ என்பவற்றைத் தாண்டி அவர்கள் போவதில்லை. விண்டோஸ் போலவே இருக்குமென்றால் விண்டோஸே இருந்துவிட்டுப் போகட்டுமே!

சந்தி மெக்கானிக்கின் இடத்தில் இன்று இருப்பவர் கணினி திருத்தும் இளைஞர். விண்டோஸ் மீளப் போடுவது அவர் வருவாயில் ஒரு பகுதி. லினக்ஸ் போட்டுப் பராமரிப்பதிலும் அவருக்குக் கூலி உண்டு என்ற ஏற்பாட்டைச் செய்யாமல், அவர் தலைக்கு மேலால் ‘பயனர்’ என்ற அருவத்தை நோக்கிப் பேசுவது வீண். அடுத்தவர் ஆசிரியர். அவர் கேட்கும் கேள்வி மிகச் சிறியது: பாமினி எழுத்துருவில் நான் பல ஆண்டுகளாகத் தட்டச்சுச் செய்து வைத்திருக்கும் வினாத்தாள்கள் இதில் திறக்குமா? பாமினியை நிறுவினால் லிபரே ஒபிசில் எழுத்துக்கள் தெரியும். பழைய விசைப்பழக்கத்திலேயே தட்டச்சும் செய்யலாம். அட்டவணைகள் சில இடங்களிற் குலையும். அவற்றைத் திருத்த ஒரு பிற்பகல் ஆகலாம். ஆனால் இக்கேள்விக்கு நமது நண்பர்கள் கொடுக்கும் விடை, “யூனிகோட்டுக்கு மாறுங்கள்” என்பது. மாறத்தான் வேண்டும், எனினும் நாளை காலை எட்டாம் வகுப்புக்குத் தவணைப் பரீட்சை. அந்த ஒரு பிற்பகலில் அவரோடு கூட இருந்து வினாத்தாளை அச்சிட்டுக் கொடுக்கப்போவது யார்?