சட்டையை இழந்த முயல்

சிறுவர் நூலில் இடம்பெறும் சித்திரத்தை நம்மவர் பெரும்பாலும் அலங்காரமாகவே கருதி வந்திருக்கின்றனர். கதையை எழுதியவர் யார், அது புகட்டும் நீதி யாது என வினவுவோர் உண்டு. படம் வரைந்தவர் அவ்விலங்கை ஒருமுறையேனும் உற்று நோக்கினாரா என வினவுவோர் அரியர். மனிதக் குழந்தையின் உடலை வரைந்து, கழுத்தின்மேல் முயலின் தலையை ஒட்டிவிட்டால் வேடிக்கைச் சித்திரம் ஆகிவிடும் என்னும் எண்ணமும் பரவிக் கிடக்கிறது. இஃது எத்துணைப் பிழையானது என்பதை உணர, ஆங்கில ஓவியரும் எழுத்தாளருமான பியட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாரின் (1866–1943) ‘பீட்டர் முயலின் கதை’ ஒன்றே போதும்.

1893 செப்டம்பரில், தம் பழைய ஆசிரியையின் ஐந்து வயது மகன் நோயுற்றுக் கிடந்தபோது, அவனை மகிழ்விக்க அம்மையார் எழுதிய படக்கடிதமே இந்நூலின் மூலம். பதிப்பாளர் பலர் மறுத்தமையால், 1901இல் தம் செலவிலேயே 250 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டு ஃபிரெடெரிக் வார்ன் நிறுவனம் வண்ணப் படங்களுடன் அதனை வெளியிட்டது. குழந்தையின் சிறு கைக்கு அடங்கும் அளவிலேயே நூல் அமைந்தது.

கதை எளியது. தோட்டக்காரர் மக்கிரிகரின் பக்கம் போகாதீர்கள், உங்கள் தந்தை அங்கேதான் அகப்பட்டு அவர் வீட்டு உணவானார் என்று தாய் முயல் எச்சரிக்கிறது. மூன்று பெண் குட்டிகளும் அடங்கி நடக்கின்றன. பீட்டர் மட்டும் நேரே தோட்டத்துக்குள் நுழைகிறான். முள்ளங்கி தின்கிறான், துரத்தப்படுகிறான், உயிர் தப்பி வீடு சேர்கிறான்.

இனிப் படங்களைக் காண்போம். முதற்படத்தில் மரத்தின் வேரடியில் இருப்பவை ஆடையற்ற மெய்யான முயல்கள். காட்டில் நாம் காண்பவற்றுக்கும் அவற்றுக்கும் வேறுபாடில்லை. சற்றே பின்னர், தாய் பீட்டருக்கு நீலச் சட்டையின் பொத்தானை மாட்டுகிறாள். அக்கணமே அவன் ‘பிள்ளை’யாகி, இரு கால்களில் நிமிர்ந்து நிற்கிறான். ஓடும்போது காலணிகளை இழக்கிறான். இழந்ததும் நான்கு கால்களில் பாய்கிறான், வேகமும் கூடுகிறது. வலையில் பொத்தான் சிக்கிக்கொள்ள, சட்டையையும் விட்டு ஓடுகிறான். உடை ஒவ்வொன்றாகக் கழலக் கழல, பிள்ளை மறைந்து முயல் வெளிப்படுகிறது! உயிர் காப்பது தாய் அணிவித்த உடையன்று. பிறவியில் வாய்த்த கால்களே. இக்கருத்தைக் கதாசிரியர் எங்கும் விளக்கவில்லை; படங்களே உரைத்துவிடுகின்றன.

இதனை வெறும் சூத்திரமாகவும் அவர் கையாளவில்லை. பூட்டிய கதவருகே வழி தெரியாது பீட்டர் நிற்கும் படமே இதற்குச் சான்று. உடலில் உடையில்லை, எனினும் நிமிர்ந்து நின்று, ஒரு பாதத்தின்மேல் மறு பாதத்தை வைத்து, வாயருகே கையை வைத்துக் கண்ணீர் உகுக்கிறான். உடல் முழுவதும் முயல். துயரம் முழுவதும் குழந்தையினது. கூட்டத்தில் உம்மாவின் கையைத் தவறவிட்ட எந்தப் பிள்ளையும் அந்நிலையில் தன்னையே காணும்.

இவ்வாற்றல் கற்பனையால் மட்டும் கைவந்ததன்று. முயல், சுண்டெலி, முள்ளெலி, தவளை ஆகியவற்றை அம்மையார் வளர்த்து, பார்த்துப் பார்த்து வரைந்தவர். பீட்டர் என்ற பெயரே அவர் வளர்த்த முயலின் பெயர்தான். காளான்களை நுண்ணோக்கியின் துணையுடன் ஆராய்ந்து வரைந்தார். அவ்வாராய்ச்சியின் கட்டுரை 1897இல் இலண்டன் லின்னேயக் கழகத்தில், பெண்கள் அங்கே கலந்துகொள்ள இயலாத நிலையில், பிறரால் அளிக்கப்பட்டது. முயலின் முழங்கால் எங்கே மடியும் என அறிந்தவரே, அதற்குச் சட்டை அணிவித்து நம்மை நகைக்க வைக்க இயலும்.

குறையும் கூறவேண்டும். மனித உருவங்களை வரைவதில் அம்மையாருக்கு அத்துணைத் தேர்ச்சி இல்லை. மக்கிரிகர் நம் நினைவில் நிற்பது முகத்தால் அன்று. பீட்டர் அவரிடம் கொண்ட அச்சத்தால்.

தந்தை உணவாகிப்போன செய்தியைக் குழந்தைக்குச் சொல்லலாமா எனச் சிலர் கேட்கலாம். அச்செய்தியை நீக்கினால் தோட்டத்தில் ஆபத்து இராது. ஆபத்து இன்றேல், வீடு திரும்பிய பீட்டருக்குத் தாய் கஷாயம் ஊட்டிப் படுக்க வைக்கும் இறுதிக் காட்சி தரும் ஆறுதலும் இராது. குழந்தையை நம்பாத ஓவியம் எப்பொருளையும் உருண்டைக் கன்னமும் ஓயாத சிரிப்புமாக வரைந்து தள்ளுகிறது. அத்தகைய படத்தைப் பிள்ளை ஒருமுறை புரட்டும், மறுமுறை கேட்காது.

எனவே நூல் வாங்கும் வாப்பாவும் உம்மாவும் ஓர் எளிய சோதனை செய்யலாம். படத்தில் முயலின் காதையும் வாலையும் விரலால் மறைத்துப் பாருங்கள். எஞ்சியிருப்பது அப்போதும் முயலாகவே தோன்றினால் அதை வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். பதிப்பாளர்களோ, எழுத்துக்கு இடம் போக மிஞ்சிய மூலையை ஓவியருக்கு ஒதுக்கும் வழக்கத்தைக் கைவிடவேண்டும். எழுத்தறியாத பிள்ளை முதலில் வாசிப்பது படத்தைத்தானே!